இனமும் இரக்கமும்

சென்ற திங்களில் ஒரு மாலைப் பொழுது. நம் இல்லத்தில் தங்கி ஏழாம் வகுப்புப் பயின்று வரும் தம்பி மகள், ஆங்கிலப் பாட ஏட்டை மடிமீது விரித்து வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக் கொண்டிருந்தாள். தமிழில் பெயர்த்தெழுத வேண்டிய வாக்கியங்கள் சில தரப்பட்டிருந்தன. ஒரு முதியவர் இரக்கமுள்ளவர் என்பது ஒரு வாக்கியம். பூனை ஒரு வகை விலங்கு என்பது மற்றொன்று. இரண்டிலும் 'கைண்ட்' என்ற ஒரே சொல்லே வந்திருந்தது. முதல் வாக்கியத்தைப் பிழையின்றி எழுதிய குழந்தை, அதே துணிவோடு அடுத்ததையும் எழுதி முடித்தாள்: 'பூனை இரக்கமுள்ள விலங்கு.'

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அவளுடைய பெரியம்மா, "நேற்றுப் பால் சட்டியைக் கவிழ்த்துவிட்டு ஓடியதே, அந்தப் பூனையா இரக்கமுள்ள விலங்கு?" என்று கேட்டுச் சிரித்தாள். கொல்லைப்புறத்தில் பாத்திரம் துலக்கிக் கொண்டிருந்த அம்மையாரும் சேர்ந்து சிரித்தார். குழந்தையின் முகம் வாடிப் போயிற்று. "பெரியப்பா, இரக்கத்துக்கும் வகைக்கும் என்ன சம்பந்தம்? இரண்டுக்கும் ஏன் ஒரே வார்த்தையை வைத்தார்கள்?" என்று நம்மிடம் முறையிட்டாள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றிருக்கிறோம். இத்தகைய வினாக்களுக்கெல்லாம் 'இடம் நோக்கிப் பொருள் கொள்க' என்ற ஒரே விடையைச் சொல்லியே காலம் கழித்துவிட்டோம். அன்று ஏனோ அந்த விடை நமக்கே நிறைவு தரவில்லை. "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சொல்கிறேன், அம்மா" என்று தவணை வாங்கிக் கொண்டோம். அவளுக்காகத் தேடித் தொகுத்ததையே இத்திங்கள் உங்களோடும் பகிர்ந்து கொள்கிறோம். தேடலின் முடிவில் நம் வீட்டு அடுக்களையே நமக்குப் பாடம் புகட்டியது; அதைக் கடைசியில் கூறுவோம்.

ஒரு சொல், பல முகங்கள்

முதலில் இச்சொல் எங்கெங்கே எப்படியெல்லாம் வழங்குகிறது என்று பார்ப்போம்.

'என்ன கைண்ட்?' என்று கேட்டால் 'என்ன வகை?' என்பது பொருள். அரிசியில் வகை, மீனில் வகை, மனிதரில் வகை எல்லாவற்றுக்கும் இச்சொல் பொருந்தும். 'மேன்கைண்ட்' என்று சேர்த்துச் சொன்னால் மனித இனம் முழுவதும் அதில் அடங்கிவிடும். 'ஒன் ஆஃப் எ கைண்ட்' என்றால் தன் வகையில் தான் ஒன்றே, இணையற்றது என்று பொருள். ஆனால் காப்பியைக் குடித்துவிட்டு ஒருவர் 'காப்பி ஆஃப் எ கைண்ட்' என்று கூறினாரானால் மகிழ்ந்துவிடக் கூடாது. 'பேருக்கு ஒரு காப்பி' என்று அவர் நாசூக்காகக் குறை கூறுகிறார்! 'கைண்ட் ஆஃப் டயர்ட்' என்றால் ஏதோ கொஞ்சம் களைப்பு. இங்கே அச்சொல்லுக்குத் தனிப் பொருளே இல்லை, பேச்சை மென்மையாக்க வந்த ஒட்டு அது.

'இன் கைண்ட்' என்பது மற்றொரு வழக்கு. கூலியைக் காசாகத் தராமல் நெல்லாக அளந்து கொடுத்தால் அது 'இன் கைண்ட்' கொடுப்பது. நம் கோவில் திருவிழாக்களில் மக்கள் காணிக்கையாகக் கொண்டு வரும் ஆடு, கோழி, தேங்காய், வாழைக்குலை எல்லாம் இவ்வகையைச் சேர்ந்தவையே. ஆனால் ஒருவர் நம்மை ஏச, நாமும் அவரை ஏசினால் அதற்கும் இதுவே பெயர். வாங்கியதை அதே வகையிலே திருப்பிக் கொடுத்தோம் அல்லவா!

திருச்சபையின் வழக்கிலும் இச்சொல்லுக்கு ஓர் இடம் உண்டு. நற்கருணையை அப்பம், இரசம் ஆகிய இரு வடிவங்களிலும் உட்கொள்வதை ஆங்கிலத்தில் இரண்டு 'கைண்ட்'களிலும் உட்கொள்வது என்பர். பொதுநிலையினர் கிண்ணத்திலிருந்து பருகுவதை 1415-ஆம் ஆண்டு கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் தடை செய்தது. ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின், 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, குறிப்பிட்ட சில வேளைகளில் அதற்கு மீண்டும் வழி திறந்தது.

இனி இரக்கப் பொருளுக்கு வருவோம். 'கைண்ட்' என்றால் இரக்கமுள்ள, பரிவுள்ள. 'கைண்ட்னஸ்' என்றால் அப்பண்பு. 'அன்கைண்ட்' என்றால் அது இல்லாமை. நம் நாட்டு அலுவலகக் கடிதங்களில் 'கைண்ட்லி' என்ற சொல் ஓடாத பக்கம் இல்லை. 'தயவு கூர்ந்து' என்று பொருள்படும் அச்சொல்லை முன்னால் நிறுத்தி, 'கட்டணம் கட்டாவிடில் பிள்ளையைத் தேர்வு எழுத அனுமதிக்க மாட்டோம்' என்று கடிதம் முடியும். சொல்லில் தயவு, செய்தியில் அது மருந்துக்கும் இல்லை.

பிறப்பிலே ஒன்று

இவ்வளவு வேறுபட்ட பொருள்கள் ஒரே ஓசையில் எப்படி வந்து சேர்ந்தன? இரு வேறு சொற்கள் தற்செயலாக ஒரே உருவம் பெற்றனவோ என்று ஐயுறலாம். ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட சொற்கள் பல உண்டு. இது அவ்வாறன்று. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே.

பழைய ஆங்கிலத்தில் இனத்தையும் உறவையும் குறிக்க ஒரு சொல் இருந்தது. அதுவே இன்று 'கின்' என்று வழங்குகிறது. உறவினர் என்பது பொருள். அதனோடு பிறந்ததே 'கைண்ட்'. பிறப்பு, பிறவியியல்பு, இயற்கை என்பனவே அதன் முதற் பொருள்கள். ஒரே பிறப்புடையவை ஓர் இனம். ஓர் இனம் ஒரு வகை. இவ்வாறு 'வகை' என்ற பொருள் கிளைத்தது. மற்றொரு பக்கம், தன் பிறவியியல்புக்கு ஏற்ப நடப்பவர் யார்? பெற்ற பிள்ளையைப் பேணும் தாய், உடன்பிறந்தவனைக் கைவிடாத அண்ணன், முதிர்ந்த பெற்றோரைத் தாங்கும் மகன். உறவுக்கு உரியதை உறவினர்க்குச் செய்வதே இயற்கை. ஆகவே 'இயற்கையான' என்று பொருள்பட்ட சொல், மெல்ல மெல்ல 'பரிவுள்ள' என்ற பொருளையும் ஏற்றுக்கொண்டது. இரக்கம் என்பது, ஒருவரை நம் உறவினராகக் கருதி நடத்துவது. இதுதான் அச்சொல்லின் வயிற்றில் அடங்கிய செய்தி.

14-ஆம் நூற்றாண்டு ஆங்கில இலக்கியத்தில் இவ்விரு பொருள்களும் இன்னும் பிரியாமல் இருந்தன. வில்லியம் லாங்லண்ட் இயற்றிய 'பியர்ஸ் பிளவ்மன்' என்ற நெடும்பாடலில், படைப்பின் தலைவருக்கே 'கைண்ட்' என்ற பெயர் சூட்டப்பட்டுள்ளது. 1373-ஆம் ஆண்டு மே மாதத்தில், முப்பது வயதில், கடும் நோயின் நடுவே காட்சிகள் கண்ட நார்விச் நகர் ஜூலியன் அம்மையார், அவற்றைப் பற்றி எழுதிய நூலில் இச்சொல்லை மீண்டும் மீண்டும் ஆள்கிறார். இயேசுவை நம் தாய் என அழைக்கத் துணிந்தவர் அவர். அவருடைய எழுத்தில் இச்சொல் இயல்பையும் சுட்டும், கனிவையும் சுட்டும். இறைவன் நம்மீது இரங்குவது தம் இயல்பாலேயே என்ற உண்மை, அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது.

ஷேக்ஸ்பியரும் இச்சொல்லின் இரட்டை முகத்தை நன்கு அறிந்தவர். ஹாம்லெட் நாடகத்தில் இளவரசன் பேசும் முதற் பேச்சே 'கின்', 'கைண்ட்' என்ற இரு சொற்களையும் மோதவிட்டு, தந்தையின் இடத்தைப் பிடித்துக்கொண்ட சிறிய தந்தையைக் குத்திக் காட்டுவதாகும். மகள்களால் துரத்தப்பட்டு மழையிலும் இடியிலும் அலைந்த லியர் மன்னரின் கதையில், அம்மகளிர் 'அன்கைண்ட்' என்று சாடப்படுகின்றனர். 'இரக்கமற்றவர்' என்று மட்டும் அதைப் பெயர்த்தால் போதாது. மகள் என்னும் இயல்பையே துறந்தவர்கள் என்ற சினமும் அதனுள் இருக்கிறது.

ஒருபொருட் சொற்கள் உண்மையில் ஒன்றா?

தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் 'கைண்ட்' என்பதற்கு நேராக ஒரு பட்டியலை மனப்பாடம் செய்கின்றனர்: ஜென்டில், ஜெனரஸ், பினைன், பெனெவலென்ட், கம்பாஷனேட், மெர்சிஃபுல், ஹ்யூமேன். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைத்துவிடலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு உண்டாகிறது. பீட்டர் மார்க் ரோஜெட் என்ற ஆங்கில மருத்துவர், 73-ஆம் வயதில், 1852-இல் வெளியிட்ட சொற்களஞ்சியம் இப்படிப்பட்ட சொற்களைக் கருத்து வாரியாகக் குழுகுழுவாகத் தொகுத்துத் தந்தது. ஒரு குழுவிலுள்ள சொற்கள் ஒன்றற்கொன்று அண்டை வீட்டார் எனலாம். ஒரே ஆள் அல்லர்.

'கம்பாஷனேட்' என்பதன் இலத்தீன் வேர், உடனிருந்து துன்புறுதல். பிறர் அழும்போது நம் கண்ணிலும் நீர் வருவது அது. 'பெனெவலென்ட்' என்பது நல்லதை விரும்புதல். விருப்பம் மனத்தோடு நின்றுவிடவும் கூடும். 'மெர்சி' என்பது கூலி, கைம்மாறு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்து, தண்டிக்க வல்லவர் தண்டியாமல் விடும் இரக்கத்தைக் குறிக்கலாயிற்று. ஒத்த நிலையினர் இருவருக்கிடையே இச்சொல் அவ்வளவாகப் பொருந்தாது. 'ஹ்யூமேன்' என்பதோ 'ஹ்யூமன்' என்பதன் மற்றொரு வடிவமே. மனிதர் என்ற சொல்லும் மனிதத்தன்மையுள்ள என்ற சொல்லும் 18-ஆம் நூற்றாண்டில்தான் எழுத்திலும் பொருளிலும் தெளிவாகப் பிரிந்தன.

எஞ்சிய மூன்று சொற்களே நம்மை வியப்பில் ஆழ்த்தின. 'ஜென்டில்' என்பதன் இலத்தீன் மூலம், 'ஒரே குலத்தைச் சேர்ந்த' என்று பொருள்படுவது. 'ஜெனரஸ்' என்பதன் மூலம், 'உயர்குடியிற் பிறந்த' என்பது. 'பினைன்' என்பதன் மூலமும் நற்பிறப்பையே சுட்டுவது. ஆக, மென்மை, வள்ளன்மை, நல்லுள்ளம் ஆகிய மூன்று பண்புகளையும் குறிக்கும் சொற்கள் 'பிறப்பு' என்ற வேரிலிருந்தே முளைத்திருக்கின்றன. மொழிநூலார் கூற்றுப்படி அந்த வேரும் 'கைண்ட்' என்பதன் வேரும் ஒன்றே. குழந்தையைக் குறிக்கும் 'கிண்ட்' என்ற ஜெர்மானியச் சொல்லும் அதே குடும்பம்தான். ஃப்ரெடரிக் ஃப்ரோபெல் 1840-இல் தம் சிறுவர் பள்ளிக்குச் சூட்டிய 'கிண்டர்கார்ட்டன்' என்ற பெயரின் முற்பாதி அதுவே.

இதில் ஒரு முரணும் உண்டு. 'ஜென்டில்' என்ற சொல் பிறந்த அதே இலத்தீன் சொல்லிலிருந்துதான், விவிலியத்தில் புறவினத்தாரைக் குறிக்கும் 'ஜென்டைல்' என்ற ஆங்கிலச் சொல்லும் பிறந்தது. ஒரே சொல் ஒரு கிளையில் 'நம் குலத்தவர்' என்று அணைத்துக் கொள்கிறது; மறு கிளையில் 'அந்தப் பிற குலத்தவர்' என்று விலக்கி நிறுத்துகிறது. பிறப்பு என்ற வேரில் இந்த இரண்டு வாய்ப்புகளுமே ஒளிந்திருக்கின்றன.

நம் பக்கத்துக் கிளை

அதே வேர் வடமொழியிலும் உண்டு. பிறத்தல் என்று பொருள்படும் 'ஜன்' என்பதே அது. ஜனனம், ஜென்மம், ஜனம் என்று நாம் அன்றாடம் வழங்கும் சொற்கள் அதிலிருந்து வந்தவை. 'ஜாதி' என்ற சொல்லும் அதிலிருந்தே வந்தது. ஆம், வாசகர்களே, ஆங்கிலத்தில் இரக்கத்தைக் குறிக்கும் சொல்லும், நம் நாட்டில் மனிதரைப் பிரிக்கும் சொல்லும் தொலைதூர உடன்பிறப்புகள்! ஒரே வித்து, ஓரிடத்தில் நிழல் தந்தது, மற்றோரிடத்தில் முள்வேலியாயிற்று.

இதைக் கொண்டு ஆங்கிலேயரை உயர்த்திப் பேச நாம் முன்வரவில்லை. அச்சொல்லைப் பேசிய அதே மக்கள்தாம் ஆப்பிரிக்க மனிதரைக் கப்பலேற்றி விற்றார்கள். 1787-ஆம் ஆண்டு, மட்பாண்டத் தொழிலதிபர் ஜொசையா வெட்ஜ்வுட் ஒரு சிறிய பதக்கத்தை வார்த்து வெளியிட்டார். விலங்கிடப்பட்ட ஓர் ஆப்பிரிக்கர் மண்டியிட்டு, தானும் ஒரு மனிதன், ஒரு சகோதரன் அல்லவா என்று கேட்பதாக அதில் வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. அவர் கேட்டது பிச்சையன்று, உறவு. அடிமை வணிகத்தைப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டத்தால் தடை செய்ய, அதன் பின் இருபது ஆண்டுகள் பிடித்தன.

நம் வரலாறும் தூயதன்று. நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்துக் கத்தோலிக்கர் வழிபட்ட கோவில், 19-ஆம் நூற்றாண்டில், சாதிப் பிரிவினர் தனித்தனியே நின்று பூசை காணும் வண்ணம் இரண்டு நடைகளும் ஒரே பீடமுமாகக் கட்டப்பட்டது. கால்சட்டை வடிவக் கோவில் என்றே மக்கள் அதனைக் குறிப்பிட்டனர். 1910-இல் தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டபோது அமைதி விளையவில்லை, வழக்கே விளைந்தது. அது சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. கோவிலில் சாதியின் பெயரால் தனியிடம் கோரும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2003-ஆம் ஆண்டு நவம்பரில், உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களிடையே சாதி வேற்றுமையின் சாயல்கூட இருத்தலாகாது என்று வலியுறுத்தினார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கை அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது. அந்த அறிக்கைக்குத் தேவை இருந்தது என்பதே நாம் நாணித் தலை குனிய வேண்டிய செய்தியன்றோ?

அன்பும் அருளும்

'கின்' என்பதிலிருந்து 'கைண்ட்' என்பதற்குப் போகும் பாதையைத் தமிழர் அறியாதவரல்லர். உறவினரைக் குறிக்கும் 'கேள்' என்ற சொல்லிலிருந்தே நட்பைக் குறிக்கும் 'கேண்மை' பிறந்தது. எல்லா ஊரையும் தன் ஊராகவும் எல்லாரையும் தன் உறவினராகவும் கண்ட கணியன் பூங்குன்றனாரும் இச்சொற் குடும்பத்தையே எடுத்தாண்டார். திருக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், அன்பு வேறு, அருள் வேறு என்று நுட்பமாகப் பிரித்துக் காட்டுகிறார். தன்னோடு தொடர்புடையவரிடம் செல்வது அன்பு. தொடர்பு நோக்காமல் எல்லா உயிர்களிடத்தும் செல்வது அருள். வள்ளுவரோ அருளை அன்பு ஈன்ற குழந்தையாகவே காண்கிறார். அங்கும் பிறப்பின் உருவகமே! வீட்டுக்குள் பிறக்கும் அன்பு, வாசற்படியைத் தாண்டினால்தான் அருளாகிறது.

மறைநூலும் இதையே கற்பிக்கிறது. எபிரேய மொழியில் 'ஹெசெத்' என்றொரு சொல் உண்டு. உறவாலோ உடன்படிக்கையாலோ பிணைக்கப்பட்டவர் ஒருவருக்கொருவர் காட்டும் மாறாத பற்று அது. 1535-இல் ஆங்கில விவிலியத்தை வெளியிட்ட மைல்ஸ் கவர்டேல், எந்தத் தனிச் சொல்லும் அதற்கு ஈடாகாது என்று கண்டாரோ என்னவோ, அன்பையும் 'கைண்ட்னஸ்' என்பதையும் இணைத்து 'லவிங்கைண்ட்னஸ்' என்ற புதுச் சொல்லையே படைத்தார். ரூத்து ஆகமத்தில் இந்த 'ஹெசெத்' யாரிடம் விளங்குகிறது? இஸ்ராயேல் குலத்தாளிடம் அன்று. மோவாபு நாட்டிலிருந்து வந்த அயல் இனத்து விதவையிடம். இரத்த உறவு இல்லாத மாமியாரைக் கைவிடாமல் பின்தொடர்ந்த அவளே தாவீதின் முப்பாட்டி ஆனாள். மத்தேயு எழுதிய நற்செய்தியின் தலைமுறை அட்டவணையில் அவள் பெயரும் இடம்பெற்றது.

புனித சின்னப்பர் பயணம் செய்த கப்பல் மால்தா தீவின் கரையில் உடைந்தபோது, அதிலிருந்த 276 பேரும் நனைந்து நடுங்கிக் கரையேறினர். அவர்களுடைய மொழியையோ மறையையோ அறியாத தீவினர், மழைக்கும் குளிருக்கும் தீ மூட்டி வரவேற்றனர். அப்போஸ்தலர் பணி நூல் அதனைக் குறிக்க ஆண்ட கிரேக்கச் சொல் 'பிலாந்த்ரோப்பியா', அதாவது மனிதர்மீது கொள்ளும் நேயம். ஆங்கில விவிலியங்களில் அது 'கைண்ட்னஸ்' என்று வருகிறது.

கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் தூய ஆவியின் கனிகளுள் ஒன்றாக எண்ணப்படும் 'கிரேஸ்தோத்தேஸ்' என்ற பண்பும் ஆங்கிலத்தில் 'கைண்ட்னஸ்' என்றே வழங்குகிறது. 1995-இல் வெளிவந்த தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பில் 'பரிவு' என்று அமைந்துள்ளது. அதன் மூலச்சொல் 'கிரேஸ்தோஸ்'. ஆண்டவர் தம் நுகம் இனியது என்று மொழிந்தபோது வரும் சொல்லும் அதுவே. 'கிறிஸ்தோஸ்' என்ற திருப்பெயருக்கும் இதற்கும் ஓசை வேறுபாடு மிகச் சிறிது. பண்டைய உரோமையர் சிலர் இரண்டையும் குழப்பி, கிறிஸ்தவரைக் 'கிரேஸ்தவர்' என அழைத்தனர். ஏறக்குறைய 197-ஆம் ஆண்டில் தெர்த்துல்லியன் இதைச் சுட்டிக்காட்டி, நீங்கள் எங்கள் பெயரைத் தவறாக ஒலித்தாலும் அது இனிமையையும் பரிவையுமே குறிக்கிறது என்னும் கருத்தில் விடை கூறினார். பிழையாகக் கூப்பிட்டாலும் பொருள் பிழையாகாத பெயர்!

குழந்தை கேட்ட இரண்டாம் கேள்வி

ஞாயிறன்று காலைச் சிற்றுண்டிக்குப் பின் இவற்றில் ஒரு பகுதியை எளிமையாக்கிக் குழந்தைக்குச் சொன்னோம். "பிறப்பால் ஒன்றாய் இருப்பவர்கள் ஓர் இனம். நம் இனத்தாரிடம் நாம் இயல்பாக இரக்கத்தோடு நடக்கிறோம். அதனால்தான் இனத்துக்கும் இரக்கத்துக்கும் ஒரே சொல் வந்தது" என்று முடித்தோம். நல்ல பாடம் நடத்திய நிறைவு நமக்கு.

சற்று நேரம் பேசாதிருந்த அவள், கொல்லைப்புறத்துச் சன்னலைக் காட்டி, "அப்படியென்றால் அக்கா நம் கைண்ட் இல்லையா, பெரியப்பா?" என்று கேட்டாள்.

முதலில் நமக்கு விளங்கவில்லை. அவள் காட்டிய இடத்தில், சன்னல் திட்டின்மேல், ஓர் எவர்சில்வர் தம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நம் வீட்டுப் பாத்திரம் துலக்கும் அம்மையார் காப்பி குடிக்கும் தம்ளர் அது. பதினோர் ஆண்டுகளாக அது அங்கேயே இருக்கிறது. உள்ளே அலமாரியில் அடுக்கியிருக்கும் தம்ளர்களோடு அது சேர்ந்ததே இல்லை. அந்தத் தம்ளர்களைத் தினமும் துலக்கித் தூய்மை செய்பவர் அவரே! அவரும் நம் பங்கைச் சேர்ந்தவர்தாம். அன்று காலைப் பூசையில் நமக்கு இரண்டு பேருக்கு முன்னால் நின்று, அதே அப்பத்தை அதே குருவின் கையிலிருந்து பெற்றுக்கொண்டு திரும்பியவர்.

யார் அந்தத் தம்ளரை அங்கே முதலில் வைத்தார்கள் என்று நினைவில்லை. யாரும் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. சாதி பார்ப்பவர்கள் என்று யாரேனும் நம்மைக் கூறியிருந்தால் சினம் கொண்டிருப்போம். இலத்தீனிலும் கிரேக்கத்திலும் வேர் தேடிய நம் கண்ணுக்கு, கைக்கெட்டும் தொலைவில் இருந்த தம்ளர் தென்படவில்லை. ஒரு பூனையை இரக்கமுள்ள விலங்கு என்று எழுதிய குழந்தைக்குத் தென்பட்டது.

இல்லத்தாளும் நாமும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டோம். அவள் எழுந்து சென்று அந்தத் தம்ளரை எடுத்து வந்து, கழுவி, அலமாரியில் மற்றவற்றோடு வைத்தாள். இப்போது எது எதுவென்று நமக்கே தெரியாது.

மறுநாள் காலை அம்மையார் வந்தபோது, அலமாரியிலிருந்து ஒரு தம்ளரை எடுத்துக் காப்பி ஊற்றி, அடுப்படியிலேயே கொடுத்தோம். அவர் திட்டைப் பார்த்தார், தம்ளரைப் பார்த்தார், ஒன்றும் கூறவில்லை. நின்றுகொண்டே குடித்தார். குடித்து முடித்ததும் அந்தத் தம்ளரை ஒரு முறைக்கு இரு முறை தேய்த்துக் கழுவி, அலமாரியில் வைக்கத் தயங்கி, மேடைமீது வைத்துவிட்டுச் சென்றார். பதினோர் ஆண்டுகள் நாம் கற்பித்த பாடம் ஒரே நாளில் மறந்துவிடுமா? அதை அலமாரியில் எடுத்து வைக்கும் வேலை இப்போது நம்முடையது. இன்னும் சில நாள்கள் அப்படித்தான் செல்லும் போலும்.

அன்பு வாசகர்களே, சொல்லின் பொருளை அகராதியில் தேடுகிறோம், அது நல்லதே. ஆனால் 'கைண்ட்' என்ற சொல்லின் முழுப் பொருளை அறிய, ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கொல்லைப்புறத்தையும் ஒரு முறை பார்த்து வருவது நலம். அங்கே தனியாகக் கவிழ்த்து வைத்த தம்ளரோ, தனியாகப் போட்ட பலகையோ, தனியாக ஒதுக்கிய இடமோ இருக்கக்கூடும். குழந்தைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடமே கேளுங்கள், காட்டித் தருவார்கள்.

அடுத்த திங்கள் வேறொரு சொல்லோடு சந்திப்போம்.